கணினி அறிவியல் முதுநிலைப் படிப்பு: ‘கேட்’ தேர்வு முதல் சேர்க்கை வரை அறிய வேண்டியவை

புதுதில்லி: ஐஐடி, என்ஐடி உள்ளிட்ட மத்திய கல்வி நிறுவனங்களில் கணினி அறிவியல் முதுநிலைப் படிப்பில் சேர விரும்புவோருக்கு முதன்மையான வழி ‘கேட்’ தேர்வு. ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடைபெறும் இத்தேர்வின் முடிவுகள் மார்ச் மாதத்தில் வெளியாகின்றன. பிளஸ் 2 முடித்தவர்களுக்கான பொறியியல் கலந்தாய்வைப் போல, முடிவு வெளியானதும் தரவரிசைப்படி அனைவருக்கும் அழைப்பு வரும் என்று பல மாணவர்கள் எண்ணுகின்றனர். ஆனால், கேட் தேர்வில் அத்தகைய நடைமுறை இல்லை.

தேர்வு பொதுவானது, சேர்க்கை பொதுவானதல்ல. ஐஐடிகளுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். என்ஐடிகளுக்கு வேறொரு கலந்தாய்வில் பதிவு செய்ய வேண்டும். ஆராய்ச்சிப் படிப்புகளுக்கு எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. சில நிறுவனங்கள் கேட் மதிப்பெண்ணைச் சாராமல் சொந்த நுழைவுத் தேர்வை நடத்துகின்றன. இவற்றில் ஏதேனும் ஒன்றின் கடைசித் தேதியைத் தவறவிட்டாலும், எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தாலும் அந்த ஆண்டுக்கான வாய்ப்பு கைநழுவிவிடும். எனவே, முழு நடைமுறையையும் முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பது அவசியமாகிறது.

தேர்வை நடத்துவது யார்?

பொறியியல் பட்டதாரி நுண்ணறித் தேர்வு என்பதன் சுருக்கமே கேட். மத்திய கல்வி அமைச்சகத்தின் உயர்கல்வித் துறையின் கீழ் இயங்கும் தேசிய ஒருங்கிணைப்பு வாரியத்தின் சார்பில், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் (ஐஐஎஸ்சி), மும்பை, தில்லி, குவாஹாட்டி, கான்பூர், காரக்பூர், சென்னை, ரூர்க்கி ஆகிய ஏழு ஐஐடிகளும் இணைந்து இத்தேர்வை நடத்துகின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஒரு நிறுவனம் சுழற்சி முறையில் பொறுப்பேற்கிறது. 2024-இல் ஐஐஎஸ்சி, 2025-இல் ரூர்க்கி ஐஐடி, 2026-இல் குவாஹாட்டி ஐஐடி ஆகியவை பொறுப்பு வகித்தன.

பொறுப்பு நிறுவனம் மாறுவதால் தேர்வுக்கான இணையதள முகவரியும் ஆண்டுதோறும் மாறுகிறது. பழைய முகவரியில் உள்ள தேதிகளை நம்பிவிடாமல், நடப்பு ஆண்டுக்கான தகவல் கையேட்டை மட்டுமே பார்க்க வேண்டும். 2026 தேர்வுக்குத் தாமதக் கட்டணமின்றி ஒரு தாளுக்கு ரூ.2,000 வசூலிக்கப்பட்டது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு இது ரூ.1,000 ஆக இருந்தது. தேர்வு எழுத வயது வரம்பு இல்லை.

எழுதும் தகுதி வேறு. சேரும் தகுதி வேறு

இளநிலைப் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் படிப்போரும், பட்டம் பெற்றோரும் கேட் தேர்வை எழுதலாம். பொறியியல் மாணவர்களைப் போலவே அறிவியல், வணிகவியல், கலைப் பிரிவு மாணவர்களும் எழுத அனுமதிக்கப்படுகின்றனர்.

பலர் தடுமாறும் இடம் இதுதான். பி.எஸ்சி. கணினி அறிவியல் அல்லது பி.சி.ஏ. மூன்றாம் ஆண்டு மாணவர் கேட் எழுதலாம். நல்ல மதிப்பெண்ணும் பெறலாம். ஆனால், எம்.டெக். படிப்பில் சேரப் பொதுவாக பி.இ., பி.டெக். போன்ற நான்காண்டுப் பொறியியல் பட்டமோ, எம்.எஸ்சி., எம்.சி.ஏ. போன்ற முதுநிலைப் பட்டமோ தேவை. மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தை மட்டும் வைத்து எம்.டெக். சேர இயலாது. அத்தகையோர் முதலில் எம்.சி.ஏ. அல்லது எம்.எஸ்சி. முடிக்க வேண்டும். கேட் மதிப்பெண் அட்டை முடிவு வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், இரண்டாண்டு முதுநிலைப் படிப்பை இடையில் முடித்துவிட்டு அதே அட்டையைப் பயன்படுத்தும் வாய்ப்பு சிலருக்கு அமையலாம்.

இளநிலைப் பட்டத்தில் பெற்ற மதிப்பெண்ணும் கணக்கில் கொள்ளப்படுகிறது. என்ஐடிகளுக்கான கலந்தாய்வில் பொதுப் பிரிவினர், இதர பிற்படுத்தப்பட்டோர், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 60 சதவீதம் அல்லது 10-க்கு 6.5 சிஜிபிஏ தேவை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 55 சதவீதம் அல்லது 6.0 சிஜிபிஏ போதும். ஐஐடிகள் ஒவ்வொன்றும் தமக்கெனத் தனி வரம்பு வைத்துள்ளன. இறுதியாண்டு மாணவர்கள் நிறுவனம் குறிப்பிடும் தேதிக்குள் அனைத்துப் பாடங்களிலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும். அரியர் ஒன்று நிலுவையில் இருந்தாலும் கிடைத்த இடம் ரத்தாகக்கூடும்.

வினாத்தாள் எப்படி இருக்கும்?

கணினி வழியில் மூன்று மணி நேரம் நடைபெறும் தேர்வில் 65 வினாக்கள். மொத்தம் 100 மதிப்பெண்கள். கணினி அறிவியல் தாளில் பொதுத் திறனறிவுக்கு 15 மதிப்பெண்களும், பொறியியல் கணிதத்துக்கு 13 மதிப்பெண்களும், பாடப்பகுதிக்கு 72 மதிப்பெண்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே வழங்கப்படுகிறது.

தரவுக் கட்டமைப்பு, அல்காரிதம், இயக்க முறைமை, தரவுத்தளம், கணினி வலையமைப்பு, கணினிக் கட்டமைப்பு, டிஜிட்டல் லாஜிக், கம்பைலர் வடிவமைப்பு, கணிமைக் கோட்பாடு ஆகியவை பாடப்பகுதியில் அடங்கும். நிரலாக்க வினாக்கள் ‘சி’ மொழியை அடிப்படையாகக் கொண்டவை. கணிதத்தில் தனிநிலைக் கணிதம், நேரியல் இயற்கணிதம், நுண்கணிதம், நிகழ்தகவு ஆகியவை இடம்பெறுகின்றன.

வினாக்கள் மூன்று வகைப்படும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது முதல் வகை. இதில் தவறாக விடையளித்தால் ஒரு மதிப்பெண் வினாவுக்கு மூன்றில் ஒரு பங்கும், இரண்டு மதிப்பெண் வினாவுக்கு மூன்றில் இரண்டு பங்கும் கழிக்கப்படும். ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட சரியான விடைகளைத் தேர்ந்தெடுக்கும் இரண்டாம் வகை 2021-இல் அறிமுகமானது. இதில் அனைத்துச் சரியான விடைகளையும் குறித்தால் மட்டுமே மதிப்பெண் உண்டு. பகுதி மதிப்பெண் கிடையாது. எண்ணை விடையாகத் தட்டச்சு செய்வது மூன்றாம் வகை. பிந்தைய இரு வகைகளிலும் தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை என்பதால், அவ்வினாக்களை விடையளிக்காமல் விடுவதால் பயனேதும் இல்லை.

2024 முதல் தரவு அறிவியல் மற்றும் செயற்கை நுண்ணறிவுக்கெனத் தனித் தாள் நடத்தப்படுகிறது. கணினி அறிவியல் தாளுடன் இதையும் இரண்டாவது தாளாக எழுதலாம். சேர விரும்பும் படிப்புக்கு எந்தத் தாளின் மதிப்பெண் ஏற்கப்படும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுகிறது. கேட் விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்பே இதைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

மதிப்பெண், ஸ்கோர், தரவரிசை: மூன்றும் ஒன்றல்ல

கேட் மதிப்பெண் அட்டையில் 100-க்கான மதிப்பெண், 1,000-க்கான ஸ்கோர், அகில இந்தியத் தரவரிசை ஆகிய மூன்றும் இடம்பெறும். சேர்க்கையின்போது பெரும்பாலும் பார்க்கப்படுவது ஸ்கோர்தான். வெவ்வேறு ஆண்டுகளில் தேர்வெழுதியவர்களை ஒப்பிட உதவும் அளவுகோல் அதுவே.

பொதுப் பிரிவினருக்கான தகுதி மதிப்பெண், தேர்வெழுதியோரின் சராசரியுடன் திட்ட விலக்கத்தைக் கூட்டிக் கணக்கிடப்படுகிறது. எனினும் அது 25-க்குக் குறையாது. இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கும் அதில் 90 சதவீதமும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு மூன்றில் இரண்டு பங்கும் போதுமானவை. கணினி அறிவியல் தாளில் பொதுப் பிரிவுக்கான தகுதி மதிப்பெண் 2023-இல் 32.5 ஆகவும், 2024-இல் 27.6 ஆகவும், 2025-இல் 29.2 ஆகவும் இருந்தது.

பொதுப் பிரிவுக்கான தகுதி மதிப்பெண்ணைப் பெற்றவருக்கு ஸ்கோர் 350. முதல் 0.1 சதவீதத் தேர்வர்கள் அல்லது முதல் 10 தேர்வர்கள், இவற்றில் எந்த எண்ணிக்கை அதிகமோ, அவர்களின் சராசரி மதிப்பெண்ணுக்கு ஸ்கோர் 900. மற்றவர்களின் ஸ்கோர் இவ்விரு புள்ளிகளையும் கொண்டு விகிதப்படி கணக்கிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஓர் ஆண்டில் தகுதி மதிப்பெண் 30 என்றும், முன்னணித் தேர்வர்களின் சராசரி 85 என்றும் கொள்வோம். 63 மதிப்பெண் பெற்றவரின் ஸ்கோர் 680. 52 மதிப்பெண் பெற்றவரின் ஸ்கோர் 570. அதாவது, ஒவ்வொரு மதிப்பெண்ணும் ஸ்கோரில் 10 புள்ளிகளாகிறது. கணினி அறிவியல் தாள் இரு அமர்வுகளாக நடத்தப்படும்போது, அமர்வுகளுக்கிடையே வினாத்தாளின் கடினத்தன்மையில் உள்ள வேறுபாட்டைச் சரிசெய்த பிறகே இக்கணக்கீடு நடைபெறும்.

தகுதி பெறுவது என்பது விண்ணப்பிக்கும் உரிமையைப் பெறுவது மட்டுமே. தகுதி மதிப்பெண்ணுக்கும், முன்னணி நிறுவனங்களில் இடம் கிடைக்கத் தேவையான மதிப்பெண்ணுக்கும் இடைவெளி மிகப் பெரிது. தகுதி மதிப்பெண்ணுக்கு மேல் எடுத்துவிட்டதாலேயே பழைய ஐஐடி ஒன்றில் இடம் உறுதி என்று கருதிவிடக் கூடாது. முந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு படிப்பும் எந்த ஸ்கோரில் நிறைவடைந்தது என்பதை அந்தந்தச் சேர்க்கை இணையதளங்களில் பார்த்த பிறகே விண்ணப்பிக்கும் இடங்களைத் தீர்மானிக்க வேண்டும்.

எம்.டெக்.கா, எம்.எஸ்.ஸா?

கணினி அறிவியலில் முதுநிலைப் பட்டங்கள் பல பெயர்களில் வழங்கப்படுகின்றன. எம்.டெக். பொதுவாக இரண்டு ஆண்டுகள். முதலாண்டில் வகுப்புப் பாடங்களும், இரண்டாம் ஆண்டில் ஆய்வுத் திட்டமும் முதன்மை பெறும். இதற்கான சேர்க்கை பெரும்பாலும் கேட் ஸ்கோர் அடிப்படையில் நடைபெறுகிறது.

ஆராய்ச்சி வழி முதுநிலைப் பட்டமான எம்.எஸ்., சென்னை, கான்பூர், தில்லி உள்ளிட்ட ஐஐடிகளில் வழங்கப்படுகிறது. ஐஐஎஸ்சி இதை எம்.டெக். (ஆராய்ச்சி) என்ற பெயரில் வழங்குகிறது. பாடங்கள் குறைவு, ஆய்வேடு முதன்மையானது. கேட் ஸ்கோர் முதற்கட்டத் தெரிவுக்கே உதவும். அதன்பின் எழுத்துத் தேர்வு, நிரலாக்கத் தேர்வு, நேர்காணல் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ நடத்தப்பட்டு இறுதித் தெரிவு செய்யப்படும். எம்.டெக். இடம் கிடைக்கும் அளவுக்கு ஸ்கோர் இல்லாதவருக்கும், பாட அறிவில் உறுதியாக இருந்தால் இவ்வழியில் வாய்ப்பு உண்டு. மும்பை ஐஐடியில் ஆராய்ச்சி உதவியாளராகப் பணியாற்றிக்கொண்டே மூன்றாண்டுகளில் எம்.டெக். முடிக்கும் முறையும் உள்ளது.

ஐஐடிகள்: முதலில் விண்ணப்பம், பிறகு சிஓஏபி

ஐஐடிகளில் எம்.டெக். சேர்க்கை இரு படிகளைக் கொண்டது. முதல் படி, விரும்பும் ஒவ்வொரு ஐஐடியின் இணையதளத்திலும் தனித்தனியாக விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்துவது. முடிவு வெளியாகும் மார்ச் மாதத்தை ஒட்டியே விண்ணப்பங்கள் தொடங்கி, பல நிறுவனங்களில் சில வாரங்களில் முடிந்துவிடுகின்றன.

இரண்டாம் படி, ‘சிஓஏபி’ எனப்படும் பொது இட ஏற்பு இணையதளத்தில் பதிவு செய்வது. 2017-இல் தொடங்கப்பட்ட இத்தளம் விண்ணப்பம் பெறும் தளம் அல்ல. நிறுவனங்கள் வழங்கும் இடத்தை ஏற்பதற்கும் மறுப்பதற்குமான தளம் மட்டுமே. இதில் மட்டும் பதிவு செய்துவிட்டு ஐஐடிகளில் விண்ணப்பிக்காதவருக்கு எந்த இடமும் வழங்கப்படாது. மாறாக, ஐஐடிகளில் விண்ணப்பித்துவிட்டு இதில் பதிவு செய்யாவிட்டாலும் பயனில்லை. இரண்டும் தேவை.

ஒரே மாணவர் பல ஐஐடிகளில் இடம் பெற்று, கடைசி நேரத்தில் ஒன்றைத் தவிர மற்றவற்றைக் கைவிட்டுச் செல்வதால் இடங்கள் காலியாவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு கொண்டுவரப்பட்டது. பல சுற்றுகளாக நடைபெறும் இதில், இடம் வழங்கப்பட்டவர் மூன்று தெரிவுகளில் ஒன்றைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும்.

ஏற்று உறுதி செய்தல்: இதைத் தெரிவு செய்தால் அந்த இடம் உறுதியாகும். அடுத்த சுற்றுகளில் வேறு எந்த நிறுவனத்திலிருந்தும் இடம் வழங்கப்படாது. அதைவிடச் சிறந்த இடம் பின்னர் காலியானாலும் மாற இயலாது.

தக்கவைத்துக் காத்திருத்தல்: கையில் உள்ள இடத்தை விட்டுவிடாமல், அடுத்த சுற்றில் மேலான இடம் கிடைக்குமா என்று பார்க்கலாம்.

மறுத்துக் காத்திருத்தல்: கிடைத்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பது. மறுத்த அதே படிப்பில் மீண்டும் இடம் வழங்கப்படாது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். மூன்று ஐஐடிகளுக்கு விண்ணப்பித்த மாணவி ஒருவருக்கு, முதல் சுற்றில் அவரது மூன்றாவது விருப்பத்தில் இடம் கிடைக்கிறது. முந்தைய ஆண்டு நிலவரப்படி, இரண்டாவது விருப்பத்துக்கான ஸ்கோர் அடுத்தடுத்த சுற்றுகளில் அவரது ஸ்கோருக்கு அருகே இறங்கியுள்ளது எனில், தக்கவைத்துக் காத்திருப்பதே அவருக்கு ஏற்றது. அவசரத்தில் ஏற்று உறுதி செய்தால் இரண்டாவது விருப்பம் பறிபோகும். மறுத்துக் காத்திருந்தால் இரண்டும் கிடைக்காமல் போகக்கூடும்.

எந்தத் தெரிவையும் பதிவு செய்யாமல் நேரம் கடந்துவிட்டால், அது மறுத்ததாகவே கருதப்படும். சுற்று நடைபெறும் நாள்களில் பயணம், இணைய வசதியின்மை போன்ற காரணங்களால் இடத்தை இழக்காமலிருக்க, சுற்றுகளின் தேதிகளை முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். ஆராய்ச்சி வழிப் பட்டங்களுக்கும் பிஎச்.டி.க்கும் பெரும்பாலும் நிறுவனமே நேரடியாகச் சேர்க்கைக் கடிதம் அனுப்புகிறது என்பதால், மின்னஞ்சலையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

என்ஐடிகள்: சிசிஎம்டி கலந்தாய்வு

என்ஐடிகள், ஷிப்பூரில் உள்ள இந்தியப் பொறியியல், அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம், சில ஐஐஐடிகள், மத்திய அரசு நிதியுதவி பெறும் வேறு சில நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு ‘சிசிஎம்டி’ என்ற பொதுக் கலந்தாய்வு நடத்தப்படுகிறது. இங்கு ஒரே பதிவு போதும். விருப்ப நிறுவனங்களையும் படிப்புகளையும் வரிசைப்படுத்திக் கொடுத்தால், கேட் ஸ்கோர், விருப்ப வரிசை, இட ஒதுக்கீட்டுப் பிரிவு ஆகியவற்றைக் கொண்டு கணினி வழியில் இடம் ஒதுக்கப்படும்.

விருப்ப வரிசையில் எத்தனை படிப்புகளையும் சேர்க்கலாம். கிடைக்காது என்று கருதி மேலான விருப்பத்தை விட்டுவிடுவதும், உறுதியாகக் கிடைக்கும் என்பதற்காகக் குறைவான விருப்பத்தை மேலே வைப்பதும் தவறு. மேலான விருப்பத்தை முதலில் வைப்பதால், கீழே உள்ள விருப்பத்தில் இடம் கிடைக்கும் வாய்ப்பு குறைவதில்லை.

இடம் கிடைத்தவர் அதிலேயே நின்றுவிடலாம். அதே நிறுவனத்தில் மேலான படிப்புக்கு மட்டும் மாறக் காத்திருக்கலாம். அல்லது எந்த நிறுவனத்திலும் மேலான விருப்பத்துக்கு மாறக் காத்திருக்கலாம். ஐஐடி சேர்க்கைச் சுற்றுகள் நடைபெறும் காலத்திலேயே இக்கலந்தாய்வுக்கான பதிவும் தொடங்கிவிடும். ஐஐடி இடம் கிடைக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று இதற்குப் பதிவு செய்யாமல் இருப்பவர்கள் இரு வாய்ப்புகளையும் இழக்க நேரிடும்.

சொந்த நுழைவுத் தேர்வு நடத்தும் நிறுவனங்கள்

கேட் தேர்வுக்கு வெளியேயும் தரமான வாய்ப்புகள் உள்ளன. 1931-இல் பி.சி.மகலனோபிஸ் நிறுவிய கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனம், கணினி அறிவியலில் எம்.டெக். படிப்பை வழங்குகிறது. சென்னை அருகே சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம், கணினி அறிவியலிலும் தரவு அறிவியலிலும் எம்.எஸ்சி. படிப்புகளை நடத்துகிறது. இவ்விரு நிறுவனங்களும் சொந்த எழுத்துத் தேர்வு நடத்துகின்றன. கணித அடிப்படையும் நிறுவல் எழுதும் திறனும் உள்ள பி.எஸ்சி. மாணவர்களுக்குச் சென்னைக் கணிதவியல் நிறுவனம் நல்ல வாய்ப்பாக அமையும். ஐதராபாத் ஐஐஐடியும் முதுநிலைப் படிப்புகளுக்குத் தனி நுழைவுத் தேர்வு நடத்துகிறது.

எம்.சி.ஏ. படிப்பை நாடுவோருக்கு ‘நிம்செட்’ தேர்வு முக்கியமானது. திருச்சி உள்ளிட்ட பல என்ஐடிகளில் எம்.சி.ஏ. சேர்க்கை இதன் அடிப்படையில் நடைபெறுகிறது. 120 வினாக்களில் 50 வினாக்கள் கணிதத்திலிருந்து கேட்கப்படுகின்றன. இளநிலைப் பட்டப்படிப்பில் கணிதம் அல்லது புள்ளியியலைப் பாடமாகப் படித்திருக்க வேண்டும். மூன்றாண்டுகளாக இருந்த எம்.சி.ஏ. படிப்பு 2020-21 கல்வியாண்டு முதல் இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எம்.எஸ்சி., எம்.சி.ஏ. இடங்கள் முதுநிலை ‘கியூட்’ தேர்வு வழியே நிரப்பப்படுகின்றன. ஐஐடிகள் நடத்தும் ‘ஜாம்’ தேர்வில் கணினி அறிவியலுக்குத் தனித் தாள் இல்லை என்பதையும் பி.எஸ்சி. மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழகப் பொறியியல் கல்லூரிகளில் எம்.இ., எம்.டெக். சேர, கேட் மதிப்பெண்ணுடனோ, அண்ணா பல்கலைக்கழகம் 2023 முதல் நடத்தும் ‘சீட்டா’ தேர்வு மதிப்பெண்ணுடனோ விண்ணப்பிக்கலாம். மாநிலத்தில் எம்.சி.ஏ. சேர்க்கைக்கு ‘டான்செட்’ தேர்வு நடத்தப்படுகிறது.

பிஎச்.டி. சேர எம்.டெக். கட்டாயமா?

கட்டாயமில்லை. ஐஐஎஸ்சி, ஐஐடி போன்ற நிறுவனங்கள் பி.டெக். முடித்தவர்களை நேரடியாக பிஎச்.டி. படிப்பில் சேர்க்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளும், நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீத மதிப்பெண் பெற்றவர்கள் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க வழிசெய்துள்ளன. பட்டியல் சாதியினர் உள்ளிட்ட பிரிவினருக்கு இதில் தளர்வு உண்டு.

பல்கலைக்கழகங்களில் சேர விரும்புவோருக்கு, கணினி அறிவியல் மற்றும் பயன்பாடுகள் பாடத்தில் நடத்தப்படும் யுஜிசி ‘நெட்’ தேர்வு உதவும். 2024 ஜூன் முதல் இத்தேர்வில் மூன்று வகைத் தேர்ச்சி வழங்கப்படுகிறது: இளநிலை ஆய்வு உதவித்தொகையுடன் கூடிய தேர்ச்சி, உதவிப் பேராசிரியர் பணி மற்றும் பிஎச்.டி.க்கான தேர்ச்சி, பிஎச்.டி.க்கு மட்டுமான தேர்ச்சி. பிந்தைய இரு வகையினருக்கும் நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும், நேர்காணலுக்கு 30 சதவீதமும் முக்கியத்துவம் அளிக்கப்படுகிறது. பிஎச்.டி. சேர்க்கைக்கான இம்மதிப்பெண் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும்.

நேர்காணலில் பரந்த அறிவைவிட ஆழமான அறிவே சோதிக்கப்படுகிறது. விருப்பப் பாடங்களாக இரண்டைக் கூறச் சொல்லி, அவற்றின் அடிப்படையிலிருந்து கேள்விகளைத் தொடங்குவது வழக்கம். ஓர் அல்காரிதத்தின் பெயரை மட்டும் சொல்வது போதாது; அது ஏன் சரியான விடையைத் தருகிறது, எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதைக் கரும்பலகையில் விளக்க வேண்டியிருக்கும். இறுதியாண்டுத் திட்டப்பணியில் தாம் செய்த பகுதி எது என்பதைத் தெளிவாகக் கூற இயலாதவர்கள் இங்கு பின்தங்குகின்றனர்.

உதவித்தொகை எவ்வளவு?

கேட் தகுதியுடன் முழுநேர எம்.டெக். சேர்வோருக்கு, விதிமுறைகளுக்கு உட்பட்டு மாதம் ரூ.12,400 வழங்கப்படுகிறது. ஐஐடிகளில் இதைப் பெறுவோர் ஆய்வக மேற்பார்வை, விடைத்தாள் திருத்தம் போன்ற கற்பித்தல் உதவிப் பணிகளைச் செய்ய வேண்டும். பணிபுரியும் நிறுவனத்தின் ஆதரவில் சேர்வோருக்கும், கேட் தகுதியின்றிச் சேர்வோருக்கும் இத்தொகை கிடையாது. குடும்ப வருமானத்தை நம்பியிராமல் படிக்க வேண்டிய மாணவர்கள், விண்ணப்பத்தில் எந்தப் பிரிவைத் தெரிவு செய்கிறோம் என்பதை இருமுறை சரிபார்க்க வேண்டும்.

பிஎச்.டி. மாணவர்களுக்கான இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி 1 முதல் மாதம் ரூ.31,000-இலிருந்து ரூ.37,000 ஆக உயர்த்தப்பட்டது. முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் இது ரூ.42,000 ஆகிறது.

சான்றிதழ்கள்: தமிழக மாணவர்கள் கவனிக்க வேண்டியது

மத்திய கல்வி நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 சதவீத இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. இவை ஒவ்வொன்றிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம் உள்ஒதுக்கீடு உண்டு. தமிழகத்தில் நடைமுறையில் உள்ள 69 சதவீத இட ஒதுக்கீடு இங்குப் பொருந்தாது.

தமிழக அரசு வழங்கும் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்றிதழ் மட்டும் மத்திய நிறுவனங்களில் போதுமானதல்ல. மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்த பிரிவைச் சாராதவர் என்பதைக் குறிப்பிடும் ஓபிசி சான்றிதழைத் தனியாகப் பெற வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள தமது சாதி மத்தியப் பட்டியலிலும் உள்ளதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் சேர்க்கை ஆண்டின் ஏப்ரல் 1-ஆம் தேதிக்குப் பின் பெறப்பட்ட சான்றிதழையே கோருகின்றன. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான சான்றிதழும் நடப்பு நிதியாண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். உரிய தேதிக்குள் சான்றிதழைச் சமர்ப்பிக்காதவரின் இட ஒதுக்கீட்டுக் கோரிக்கை ஏற்கப்படாது. எனவே, இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பதை ஏப்ரல் முதல் வாரத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றில் பெயரும் முன்னெழுத்தும் ஒரே வகையில் உள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும். முன்னெழுத்தை விரித்து எழுதுவதில் ஏற்படும் வேறுபாடு, சான்றிதழ் சரிபார்ப்பின்போது சிக்கலை உண்டாக்கும்.

மாதவாரியாகச் செய்ய வேண்டியவை

ஆகஸ்ட் - அக்டோபர்: கேட் விண்ணப்பம். தாள், தேர்வு நகரம், பெயர், பிரிவு ஆகியவற்றைச் சரியாகப் பதிவு செய்தல்.

பிப்ரவரி: கேட் தேர்வு. இதே காலத்தில் தனி நுழைவுத் தேர்வு நடத்தும் நிறுவனங்களின் அறிவிப்புகளைக் கவனித்தல்.

மார்ச் - ஏப்ரல்: கேட் முடிவு. விரும்பும் ஐஐடிகளுக்கும் ஐஐஎஸ்சிக்கும் தனித்தனியாக விண்ணப்பித்தல். சிஓஏபி தளத்தில் பதிவு. ஓபிசி, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் சான்றிதழ்களுக்கு விண்ணப்பித்தல்.

மே: கேட் மதிப்பெண் அட்டையை மே 31-க்குள் கட்டணமின்றிப் பதிவிறக்கம் செய்தல். அதன்பின் டிசம்பர் 31 வரை ரூ.500 செலுத்தியே பெற முடியும். எழுத்துத் தேர்வுகள், நேர்காணல்களில் பங்கேற்றல்.

மே - ஜூலை: சிஓஏபி சுற்றுகளில் உரிய நேரத்தில் தெரிவைப் பதிவு செய்தல். சிசிஎம்டி பதிவு, விருப்ப வரிசை, சான்றிதழ் சரிபார்ப்பு.

ஜூலை - ஆகஸ்ட்: கட்டணம் செலுத்திச் சேர்தல்.

தேதிகள் ஆண்டுதோறும் சிறிது மாறுபடும் என்பதால், நடப்பு ஆண்டு அறிவிப்புகளை அந்தந்த நிறுவனங்களின் அதிகாரபூர்வ இணையதளங்களில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.